நான்காவது திருகாணி

ஒண்டிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடி.
பத்திரம் சுத்தம், பால்கனியிலிருந்து
ஏரி தெரியும் என்றார் தரகர் சுகுமார்.
தெரிந்தது பனி.
பனிக்குப் பின்னால் ஏரி இருக்கலாம்,
ஏதாவது கோழிக்கடையும் இருக்கலாம்.

கூடத்துச் சுவரோரம் ஓர் இரும்புப் பெட்டி,
பீரோ ஒன்று மண்டியிட்டதுபோல.
"ஹீட்டர் சார். ஓனர் இன்னாசிமுத்து
லீட்ஸிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது.
ராத்திரி கரண்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும்,
பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்.
இதற்கு மட்டும் தனியாக நாற்பதாயிரம்."

பரிமளா பெட்டியைப் பார்க்கவில்லை.
செருப்பைக் கழற்றி
ஒரு காலைத் தரையில் வைத்து, உடனே எடுத்துக்கொண்டாள்.
இங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
நைட் டியூட்டி முடிந்து எட்டு மணிக்கு
இந்தத் தரையில்தான் நடந்துபோய்ப் படுக்கவேண்டும்.
பகலில் தூங்குகிறவளுக்குப் பகலில் சூடு.
கணக்கு அந்த ஓரிடத்தில் மட்டும் சரியாக வந்தது.

மீதியை பஸ் டிக்கெட்டின் முதுகில் போட்டேன்.
இரண்டரை கிலோவாட், ஏழு மணி நேரம்,
ராத்திரிக்குப் பதினேழரை யூனிட்.
மார்கழியும் தையும் அறுபது ராத்திரி. ஆயிரத்து ஐம்பது.
அந்த ஊரில் நடுநிசிக் கரண்ட் பாதி விலையாம்.
நம் மின்வாரியத்துக்கு வீட்டு மீட்டரில்
இரவும் ஒன்றுதான் பகலும் ஒன்றுதான்.
ஐந்நூறைத் தாண்டினால் அட்டையின் முகமே மாறிவிடும்.
நல்ல ரஜாய் இரண்டு மூவாயிரம்.
டிக்கெட்டில் இடம் தீர்ந்தது.

"உள்ளே என்ன?"
"காயிலா இருக்கும் சார்."
சாவிக்கொத்தில் தொங்கும் ஸ்க்ரூடிரைவரால்
திருகாணி நான்கையும் கழற்றினேன். மூடி.
அதன் பின்னால் பஞ்சுப் பலகை.
அதன் பின்னால்
அடுக்கிவைத்த செங்கல்.

இருபத்திரண்டு வருஷம் சேலத்தில்
வெள்ளைக்கல் சுடும் சூளையில் ஷிப்ட் பார்க்கிறவன்.
ஒன்றை உருவியதும் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிட்டது,
மேக்னசைட்.
எங்கள் முத்திரை இருக்கிறதா என்று
திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சின்னப்பிள்ளைபோல.
இல்லை. வேறெங்கோ, வேறொருவன்,
ஷிப்ட் முடிகிற நேரத்தில்
தட்டிப் பார்த்து, ஓசை கேட்டு, பாஸ் செய்த கல்.
நானும் தட்டினேன்.
சரியாகத்தான் பாஸ் செய்திருக்கிறான்.

வாங்கிவைத்துத் திருப்பித் தருவதா பெரிய வித்தை?
சூரமங்கலத்தில் எங்கள் மொட்டைமாடி
மாசி தொடங்கி ஆடிவரை அதைத்தான் செய்கிறது,
இனாமாக, வேண்டாம் என்றாலும்.
ராத்திரி இரண்டு மணிக்குத் தலையணை சுடும்.
தண்ணீர் தெளித்த தரை
ஈரத்தைக் குடித்துவிட்டு நம்மைப் பார்க்கும்.
கீழே தள்ளிவிட ஆள் கிடைக்காத சரக்கு,
இருபது கொண்டைஊசி வளைவு ஏறி வந்தால்
நாற்பதாயிரம்.

"எத்தனை கிலோ இருக்கும்?" என்றாள் பரிமளா.
"நூற்றைம்பது."
"மூன்று சதுரஅடி அடைக்கிறது.
அடி ஐயாயிரம் என்றீர்கள் இல்லையா?
பதினைந்தாயிரத்தை விலையில் கழியுங்கள்,
இல்லையென்றால் பெட்டியை இறக்கிக்கொண்டு போங்கள்."
சுகுமார் இன்னாசிமுத்துவுக்குப் போன் போட்டபடி
படிக்கட்டுக்குப் போனார்.

அவர் வரும்வரை உட்கார வேறு இடமில்லை.
மூடியை மாட்டினேன்.
அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்,
ராத்திரி முழுக்க நின்ற கால்களை நீட்டி.
இணைப்பைப் பிடுங்கி நான்கு வருஷம்.
"ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள்.
எழுந்திருக்கவில்லை.
"பில் எவ்வளவு வரும்னு சொன்னீங்க?"
சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள்.
கணக்குப் போடுகிறாளா, தூங்கிவிட்டாளா, தெரியவில்லை.

யோசித்துச் சொல்கிறோம் என்று இறங்கினோம்.
பதினான்காவது வளைவில் பஸ் சாய்ந்தபோது
சட்டைப்பையில் ஏதோ குத்தியது.
திருகாணி.
மூன்றைத்தான் மாட்டியிருக்கிறேன்.
அவளிடம் காட்டினேன்.
வாங்கி, கைக்குட்டை முனையில் முடிந்து,
ஜன்னலைச் சாத்தினாள்.