கடைசி விலை

பதினாறு என்றார் ஆதம்பாவா.
ஏக்கருக்குப் பதினாறாயிரம்.
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை;
கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்த வானத்தைப் பார்த்தார்,
அதுவும் அவருடைய கூலியாள் என்பதுபோல.

முந்தாநாள் காற்றில்
என் வெள்ளாமையில் பாதி தலைசாய்ந்து கிடந்தது.
வரம்பில் நின்றே அதைக் கண்டுவிட்டார்.
செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நானும் ஒன்று கண்டிருந்தேன்.
பொத்துவில் பஸ்ஸில் வந்தபோது
தாண்டியடிச் சந்தியில் அவருடைய வெட்டுமெசின்
லொறியை விட்டு இறங்காமல் நின்றது.
நேற்றும் நின்றது.
அதன் நிழலில் இரண்டு பொடியன்கள்
காட்ஸ் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.
ஓடாத மெசினுக்கும் லீசிங்காரன் மாதம் தவறாமல் வருவான்.

இதைச் சொல்லிக் காட்டினால் மனிசன் முறுக்கிக்கொள்வார்.
மடியில் முடிந்துகொண்டேன்.

வெள்ளாமை என் பொறுப்பாய் வந்த முதல் போகத்தில்
அழுதும் பார்த்தவள் நான்.
அழுகைக்கு ஐந்நூறு குறைத்தார்கள்.
அடுத்த போகம் அந்த ஐந்நூறைச் சொல்லிச் சொல்லியே
ஆயிரம் கூட வாங்கினார்கள்.
அதற்கு அடுத்த போகம் சண்டை பிடித்தேன்;
அவர்கள் ஒன்று சொல்ல, நான் அதைப் பாதியில் முறிக்க,
இரண்டு பேரும் நடுவில் வந்து விழுந்து
இரண்டு பேரும் கறுவிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

இந்த முறை கேட்டேன்:
"மெசினை ஏத்தி இறக்க என்ன செலவு, காக்கா?"

கிறுகிப் பார்த்தார்.
விலையை எல்லாரும் கேட்பார்கள்.
செலவை யாரும் கேட்டதில்லைப் போல.
டீசல், பொடியன்களின் சாப்பாடு,
பொலநறுவைக்குப் போய் வாங்கும் பெல்ட்,
ஒன்றரை ஏக்கருக்காக ஒரு வட்டை முழுக்க ஏறி இறங்கும் சள்ளை,
நெல் விற்றுத் தாறேன் என்று
சித்திரை வரைக்கும் இழுத்தடிக்கும் ஆட்கள்.
கொட்டித் தீர்த்தார்.
நான் உம் கொட்டினேன்.
ஒரு கொக்கு வாய்க்காலைக் கடந்து போய்த்
திரும்பியும் வந்தது.

மறுகாத்தான் சொன்னேன்:
"என்ர அஞ்சு ஏக்கர்.
வாய்க்காலுக்கு அங்கால நேசராசாட நாலு.
பக்கத்தில விமலேஸ்வரிட மூண்டு.
ராவே ரெண்டு பேரோடயும் கதைச்சிட்டன்.
பன்னிரண்டு ஏக்கர், மெசினை ஏத்தாம இறக்காம.
காசு பின்னேரமே கையில."

(அந்தக் காசுக்காக நெல்லுக்காரனிடம்
முன்பணம் கேட்கப் போன கதை வேறு.
அதில் நான் தோற்றேன்.)

நீ என்ன தருவாய் என்று
இப்போது அவர்தான் கேட்டார்.

முதல் தூறல் அவருடைய போனில் விழுந்தது.
இரண்டு பேரும் பார்த்தோம்.
இரண்டு பேரும் பார்க்காததுபோல் இருந்தோம்.

பதின்மூன்றரை, என்றேன்.
சாய்ஞ்ச நெல்லுக்கு?
சாய்ஞ்சதும் நெல்லுத்தானே, காக்கா.
சிரித்துவிட்டார்.
சிரித்தது பிழை என்று அவருக்கே விளங்கியது,
தாடியைத் தடவிக்கொண்டார்.
பொடியன்களுக்குப் பகல் சோறு
அக்கரைப்பற்றுக் கடையில் எடுப்பிக்கிறேன் என்றேன்,
அவர் கேட்கும் முன்.

தூறல் பேய்க்காட்டிவிட்டுப் போனது.

இரவு எட்டு மணிக்கு, ஹெட்லைட் வெளிச்சத்தில்,
விமலேஸ்வரியின் கடைசிக் கண்டமும் தாளாகிக் கிடந்தது.
ஒரு இலட்சத்து அறுபத்திரண்டாயிரம்.
இரண்டு தரம் எண்ணினார்.
பொக்கெற்றில் வைத்த பிறகு, பெரிய மனது வந்தவராய்,
"தங்கச்சி, இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தா
பன்னிரண்டரைக்கும் வந்திருப்பன்" என்றார்.

பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு
என் நெஞ்சு ஒருதரம் வலித்தது.

நான் பதினைந்துக்கும் போயிருப்பேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
சிறுபோகத்துக்கும்
அவர்தான் வெட்ட வருவார்.