ஒரு படி பின்னே

றொட்டர்டாம் துறைமுகத்தில் மறித்துவிட்டார்களாம்.
முருங்கையிலைக் குளிசை, போத்தலில் அறுபது,
தொகுதி 0417.
ஈயம், விட்ட அளவிலும் இரண்டு மடங்கு.

ஒரு படி முன்னே, ஒரு படி பின்னே
யாரென்று சொல்லவேண்டும், அதுதான் சட்டம்.
ஒட்டுசுட்டான் உலர்த்தும் கொட்டிலில்
கொப்பியைப் பிரட்டுகிறேன்.
மாசி பன்னிரண்டு, பச்சையிலை நாற்பத்தொரு கிலோ,
சைக்கிள் கரியரில் இரண்டு உரப்பை.
பை கழுவியதா? கழுவியது.
கையொப்பம்: ம. தவறஞ்சினி.

அவளின் வளவு இரணைப்பாலையில்.
எட்டு முருங்கை, ஒரு கிணறு,
வெடி அகற்றிய சான்றிதழ்
பொலித்தீன் உறைக்குள், காணி உறுதியோடு.

மண் மாதிரி எடுக்க மண்வெட்டி போட்டேன்.
ணங்.
"அதிலை நெடுக உப்பிடித்தான் மிஸ்,
கொஞ்சம் தள்ளிக் கொத்துங்கோ."
தள்ளிக் கொத்தினேன்.
ணங்.

படிவம் கேட்கிறது: ஈயம் வந்த வழி?
பழைய பெயின்ற்
வாகனப் புகை
தண்ணீர்க் குழாய்
வேறு.
வேறு என்பதற்குப் புள்ளடி போட்டேன்.
விபரத்துக்கு விட்டது அரை வரி.

கிளறிய மண்ணில் பித்தளைக் கோது ஒன்று.
சீலைத் தலைப்பால் துடைத்துத் தந்தாள்.
அடியில் வட்டமாய்ப் பொறித்திருந்தது
ஆண்டு,
ஆலைக் குறி,
தொகுதி இலக்கம்.
எங்களுடையதைவிடத் தெளிவான எழுத்து.

அதை எழுதப் படிவத்தில் பெட்டி இல்லை.
பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டேன்.

படலையடியில் கேட்டாள்:
"அப்ப மிஸ், அந்த நாப்பத்தொரு கிலோக் காசு?"