மழை பெய்தால்

நாகர்கோவில் கோர்ட்டுக்கு எதிரே
பழச்சாறு கடையில் மூன்று நாற்காலி.
நடுவில் வக்கீல் தங்கலீலா.
எனக்கும் ஷெர்லினுக்கும் இடையே
ஒரு பைல்,
யாரும் தொடாத ஒரு முசம்பி ஜூஸ்.

'பழைய மனுவுல நீ மனுதாரர், இவ எதிர்மனுதாரர்.
இதுல ரெண்டு பேரும் மனுதாரர்தான்.
யாரு ஒண்ணாம் நம்பர்னு
அதுக்கும் சண்டை போட்டிராதீங்க.'

பிறகு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.
பள்ளிக்கூட நாள், லீவு நாள், காய்ச்சல், கிறிஸ்துமஸ்,
ஒவ்வொன்றுக்கும் பிள்ளை எங்கே என்று
நாங்களே எழுதவேண்டும்.

இரண்டு வருஷமாக என் வாயில்
எனக்க பிள்ளை, எனக்க பிள்ளை.
அவள் வாயிலும் அதே சொல்தான்.
ரப்பரில் இரண்டு பக்கமும் ஒரே சமயம் வெட்டினால்
மரம் பட்டுப்போகும்.
இதை வெட்டுக்காரனுக்கு
யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.
இருந்தும் இரண்டு வருஷம்.

பேனா முதலில் என்னிடம் வந்தது.
குலசேகரத்துக்கு மேலே
இருநூற்று எண்பது மரம் எனக்கு.
மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டினால்
பாலெடுத்துத் திரும்ப எட்டாகும்.
எட்டு வயதுப் பெண்ணை
அந்த இருட்டில் தனியே விட்டுப் போவதெப்படி?
மழை நாளில் வெட்டில்லை.
ஆகவே எழுதினேன்:
மழை பெய்தால் பெனிலா எங்கிட்ட.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.
'மழைய ஆர்டர்ல எழுத முடியாது வில்பிரட்.'
ஷெர்லின் சிரித்துவிட்டாள்.
'இங்க ரெண்டு பருவமும் பெய்யும்.
பாதி வருஷத்த சுருட்டப் பாக்கியா?'
சிரித்த வேகத்தில் மூக்கையும் உறிஞ்சினாள்.

அடுத்து அவள் எழுதினாள்.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
மாதம் ஒரு வாரம் நைட் டூட்டி.
அந்த வாரம் பிள்ளை அப்பாவிடம்.
'டூட்டி சீட்டுல தேதி இருக்கு,
இத எழுதலாம்' என்றார் வக்கீல்.

'அப்ப வெட்டு?' அவள்தான் கேட்டாள்.
பிள்ளையைத் தக்கலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு
எட்டரைக்கு மேல் வெட்டுவேன் என்றேன்.
'வெயில் ஏறினா பால் ஒழுகாதே?'
மறக்கவில்லை அவள்.
நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜட்ஜம்மா முதலில் பெனிலாவை மட்டும்
உள்ளே கூப்பிட்டார்.
வராந்தா பெஞ்சில் இந்த முனையில் நான்,
அந்த முனையில் அவள்.
கதவுக்குப் பின்னால் என்ன பேசினார்களோ,
இன்றுவரை பிள்ளை சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.
கேட்கக்கூடாது என்பது தாளில் ஏழாவது வரி.

எங்களைக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றுதான்:
'ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளைக்கு வயித்து வலின்னா
மத்தவருக்குப் போன் போடுவீங்களா?'

இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.
என் போனில் அவள் நம்பர் பிளாக்.
அவள் போனில் என்னுடையது.
ஜட்ஜம்மா பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தார்.
ஒரு அரசாங்க மேசைக்கு முன்னால்
கட்டைவிரலால் நாங்கள் செய்ததை
கல்யாணத்தில்கூட
அத்தனை பயத்தோடு செய்யவில்லை.

ஜூன் மாதம்.
ஓட்டில் மழை, வெட்டில்லை,
பழக்கத்தில் மூன்று மணிக்கே முழிப்பு.
ஐந்தரைக்குப் போன் ஒளிர்ந்தது.
'கலெக்டர் லீவு விட்டாச்சு.
நமக்க பிள்ளைக்கு பல்லு ஆடுது.
அப்பாதான் பிடுங்கணுமாம், என்னத் தொட விடல்ல.'

அந்தச் செய்தியை நான்கு தடவை வாசித்தேன்.
மழைக்கோட்டைத் தேடினேன்.
தையல் பெட்டி இல்லாத வீட்டில்
நூலைத் தேடினேன்,
சாக்குத் தைக்கிற சணல்தான் கிடைத்தது,
போகிற வழியில் ஏதாவது கடை திறந்திருக்கும்.

பைக்கை உதைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது,
ஆர்டர்படி இன்று
அவளுக்க நாள்.