இடப்பக்க மூச்சு

நாலேகாலுக்கு அலாரம்.
ஊறவைத்த பயறு, அரைப் போத்தல் தேத்தண்ணி.
மட்டிக்களியில் இன்னும் நாய்கள்தான் விழித்திருக்கின்றன.
எல்லாவற்றையும் எனக்குத் தெரியும்.
பதினாறு வருசமாய் இந்த ஊரின் கேற்றுகளைத் தட்டி
மின்சார மீற்றர் வாசிப்பவள் நான்.
எது கடிக்கும், எது குரைப்பதோடு நிறுத்தும்,
எந்த வீட்டில் பில்லைக் கண்டால் ஆள் குரைக்கும்,
அத்தனையும் பாடம்.

இப்போது மணிக்கட்டில் ஒரு மீற்றர்
என்னை வாசிக்கிறது.
நித்திரை போதாது என்கிறது.
தெரியும் என்கிறேன்.

நீச்சல் ஒன்று தசம் ஒன்பது,
சைக்கிள் தொண்ணூறு,
ஓட்டம் இருபத்தொன்று.
எல்லாம் கிலோமீற்றர், எல்லாம் ஒரே நாளில்.
ஊரில் யாரும் தூரத்தைக் கேட்கவில்லை.
"என்ன தருவாங்க?" என்றுதான் கேட்டார்கள்.
ஒரு பதக்கம், ஒரு துவாய், வாழைப்பழம்.
நாற்பத்துமூன்று வயதில் வாழைப்பழத்துக்கா என்று
அலுவலகத்தில் பிரபாலினி சிரித்தாள்.
பிறகு மெல்லக் குனிந்து,
"கதலியோ, கப்பலோ?" என்றாள்.

கச்சான் காலத்தில் டச்பேக் கடல்
எண்ணெய் பூசிய தட்டு மாதிரிக் கிடக்கும்.
இந்தக் கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாமல் வளர்ந்தேன்.
அந்தக் காலத்தில் கடலுக்குப் போக ஒரு பாஸ் வேண்டும்,
பொம்பிளைப் பிள்ளைக்கு இரண்டு.
முப்பத்தொன்பதில் பழகினேன்,
முழங்கால் தண்ணியில்,
வாண்டுகள் நின்று வேடிக்கை பார்க்க.

நாலு கைக்கு ஒரு மூச்சு.
அதுவும் இடப்பக்கம் மட்டும்தான் வரும்.
கோணேசர் மலையைக் குறிவைத்துப் போகையில்
இடப்பக்கம் ஊர்.
விளக்கெரியும் மூன்று வீடு,
ஒரு கோடித் தென்னை.
மூச்செடுக்கும் போதெல்லாம்
ஊர் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

சிக்கல், திரும்புகையில்.
மலையை முதுகுக்கு விட்டால்
இடப்பக்கம் முழுக்கக் கடல்.

ஆனியில் ஒருநாள், பாதி வழியில்,
வாயைத் திறந்தேன், மூச்சு வரவில்லை.
சொறி கடிக்கவில்லை. அலையும் இல்லை.
பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத தூரம், அவ்வளவுதான்.
மல்லாந்து கிடந்தேன்,
காது தண்ணிக்குள், நெஞ்சு வெளியே அடிக்க.
வலை எடுத்து வந்த குகராசா
வள்ளத்தை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.
"தங்கச்சி, செத்திட்டியா?"
இல்லை என்றேன்.
"அப்ப ஏறுறியா?"
யோசித்துவிட்டு, இல்லை என்றேன்.
அவர் எஞ்சினை அணைத்தார். பீடி பற்றவைத்தார்.
துடுப்பை எடுத்து
என் இடப்பக்கமாக மெல்ல வலித்தார்.
நாலு கைக்கு ஒரு பீடி நெருப்பு.
அதைப் பார்த்துப் பார்த்தே கரை வந்தது.
மறுநாள் அவர் வரவில்லை.
அவருக்கு மீன் விற்க வேண்டும்.

ஞாயிறுகள் சைக்கிளுக்கு.
சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், கும்புறுபிட்டி.
போகையில் கச்சான் முதுகில் கைவைத்துத் தள்ளும்.
குச்சவெளிக்கு அப்பால், நாற்பத்தைந்தாவது கிலோமீற்றரில்,
ஒரு தனிப் பாலைமரம்.
அதைச் சுற்றித் திரும்பினால்
அதே கை நெஞ்சில்.
ஜமாலியா முஹாஜிர் கட்டுக்காசுக்குத் தந்த சைக்கிள்
முனகும். நானும் முனகுவேன்.
மீன் பெட்டி கட்டிய கிழவர் ஒருவர், சாரத்தோடு,
மணியடித்து எங்களை முந்திப் போனார்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.
வலது பெருவிரல் நகம் கறுத்து
புரட்டாதியில் கழன்றது.
கோட்டை வாசலில் படுத்திருக்கும் மான்கள்
எட்டாவது கிலோமீற்றரில் ஒருமுறை,
பதினாறாவதில் ஒருமுறை,
அசைபோட்டபடி பார்க்கும்.
எழும்புவதில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி:
அவசரத்துக்கு யாரை அழைக்க?
மூன்று நாள் அந்தக் கட்டம் வெறுமையாய்க் கிடந்தது.
பிறகு பிரபாலினியின் இலக்கத்தை எழுதினேன்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்று மலைவரை போய்த் திரும்பினேன்.
இடப்பக்கம் வள்ளமும் இல்லை, நெருப்பும் இல்லை.
நாலாவது கையில் வாயைத் திறந்தேன்.
பாதி உப்பு, பாதி காற்று.
துப்பிவிட்டு அடுத்த நாலை எண்ணினேன்.

எட்டு மணிக்குப் பாலையூற்றில் இருக்க வேண்டும்.
இருநூற்றுப் பத்து மீற்றர்,
இரண்டு கடிக்கிற நாய்.