நாலு அங்குலம்

தலை நுழைந்தால் உடம்பு நுழையும்.
இது களவுக்கணக்கு.
ஆகையால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே
நாலு அங்குலம். ஒரு நூல் கூடக் கூடாது.
இருபத்திரண்டு வருசமாகப்
பாளையங்கோட்டை ஜன்னல்களை
நான் அடைத்து வருவது இப்படித்தான்.

ஜெபக்கனி டீச்சர்
கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போன நேரம்
பின்வாசல் நாதாங்கியைப் பெயர்த்திருக்கிறான்.
ஒன்பது பவுன். பையனின் உண்டியல்.
போகிற போக்கில் அச்சுமுறுக்கு டப்பாவைத் திறந்து
தின்றது போக மிச்சத்தை
நமுத்துவிடாமல் மூடி வைத்துப் போயிருக்கிறான்.
அதைச் சொல்லும்போதுதான் டீச்சருக்குக் குரல் நடுங்கியது.
"பவுன் போகட்டும் வே.
எங்க வீட்டு டப்பாவுக்கு எந்த மூடின்னு
அவனுக்குத் தெரிஞ்சிருக்கே."

ஏழு ஜன்னல், ரெண்டு வாசல், மாடிப்படி வாய்,
துவைகல்லுக்கு மேலே
சும்மா திறந்து கிடந்த வானம்,
எல்லாத்துக்கும் கம்பி.
"வானம் பத்துக்கு எட்டு" என்று
டேப்பைப் பிடித்துக்கொண்டு இசக்கிராஜ் கத்தினான்.
நான் எழுதிக்கொண்டேன்.

எழுதி முடித்துக் கேட்டேன்:
ராத்திரி அடுப்படியில தீப்பிடிச்சா
எது வழியா வெளிய வருவிய?
வாசல் வழியாத்தான், என்றாவ.
வாசலுக்குப் போக அடுப்படியைத் தாண்டணுமே டீச்சர்.
சிரித்தாவ.
"தீ என்னைக்கோ வரும். திருடன் வந்துட்டுப் போயிட்டான்."

பேட்டையில் மைதீன் பிச்சை வீட்டைப் பற்றிச்
சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.
அதுவும் என் ஜன்னல்.
இன்வெர்ட்டர் வெடித்த ராத்திரி
புகைக்குள்ளிருந்து கைகள் நீண்டிருந்தன,
நாலு அங்குலத்துக்கு ஒரு கை.
கட்டிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
தெருவுக்கே கரண்டை நிறுத்தியிருந்தார்கள்.
கடப்பாரை விட்டு நெம்பினோம்.
கம்பி வளைந்தது, பற்று விடவில்லை.
என் கையால் வைத்த பற்று
ஒன்றுகூட விடவில்லை.
கடைசியில் சுவர்தான் இரக்கப்பட்டது.
எல்லோரும் பிழைத்தார்கள்.
மறுநாள் மைதீன் பிச்சை
"நல்ல வேலைடே உன் வேலை" என்றார்.
குத்தலாகச் சொல்லவில்லை. நிசமாகத்தான் சொன்னார்.
அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் டீச்சர் வீட்டில்
படுக்கையறை ஜன்னலுக்கு மட்டும்
கேட்காமலே கீல் வைத்தேன். உள்பக்கம் பூட்டு.
சாவிக்கு ஒரு ஆணி:
கட்டிலிலிருந்து கை எட்டும்,
ஜன்னலிலிருந்து கம்பு விட்டாலும் எட்டாது.
விளக்கை அணைத்துத் தடவிப் பார்த்து அடித்த ஆணி.
கீலுக்குக் காசு வேண்டாம்.
மாசம் ஒருக்கத் திறந்து எண்ணெய் விடுங்க, என்றேன்.
சரி சரி என்றாவ, பால்காரனிடம் சொல்வதுபோல.

ஆடி மாசம்
மோட்டார் ரூம் கதவுக்கு அளவெடுக்கப் போனேன்.
அந்த ஜன்னலை அடைத்துக்கொண்டு பீரோ நின்றது.
புது பீரோ. பழையதைத்தான் அவன் உடைத்துவிட்டானே.
ஆணியில் பையனின் ஸ்கூல் டை தொங்கியது.
சாவி எங்க டீச்சர்?
"அதெல்லாம் பத்திரமா இருக்கு,
பீரோவுக்குள்ள."

இசக்கிராஜ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
தரை கீறுது தரை கீறுது என்று டீச்சர் நடுவில்.
நகர்த்தினோம்.
டைல்ஸில் நாலு கால் தடம்.
பூட்டு முரண்டியது. கீல்,
பந்தியில் கடைசியாகக் கூப்பிட்ட மாமனைப் போல
முனகிக்கொண்டே எழுந்தது.

டீச்சர் குனிந்து தலையை விட்டாவ.
கொஞ்சம் நின்றாவ.
பிறகு ஒரு தோள். சேலையை இழுத்துச் செருகி
இன்னொரு தோள்.
முருங்கைக்கு அடியில் செருப்பில்லாமல் நின்று
தன் வீட்டைப் பார்த்தாவ,
உள்ளே நிற்கிற எங்களையும்.

"எத்தனை வீட்டுக்கு இப்படி வச்சிருக்கீரு?"
உங்களோட நாப்பத்தொண்ணு.
"அதுக்கு முன்ன?"

இசக்கிராஜ் டேப்பைச் சுருட்டினான்.
நான் எண்ணெய்க் குப்பியைத் தேடினேன்.