பாவாயி பாகத்துக்கு வடக்கு

வில்லங்கச் சான்று சுத்தமாக வந்தது.
முப்பது வருடத்தில் ஒரே ஒரு அடமானம்,
அதுவும் கூட்டுறவு வங்கியில், தீர்ந்து போனது.
தரகர் சீரங்கன் அதை மடித்து
முகத்துக்கு விசிறிக்கொண்டே சொன்னார்:
"கண்ணாடி மாதிரி சொத்து மேடம்."

கண்ணாடியில் தெரிவது
எதிரில் நின்றவர்கள் முகம் மட்டும்தான்.

கொண்டப்பநாயக்கன்பட்டி, மலையடிவாரம்.
கிழமேல் அறுபது, தென்வடல் நாற்பது.
லீ பஜாரில் வெல்ல மண்டி வைத்திருக்கும் இலியாஸ்
ஏழு லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டு
அப்புறம்தான் என்னிடம் வந்தார்.
எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள்,
தாலி கட்டிய பிறகு
ஜாதகம் பார்க்க.

பட்டா இருந்தது. சிட்டா இருந்தது.
வாரிசுச் சான்றில் வெள்ளையனுக்கு மூன்று மகன்கள்.
தாய்ப்பத்திரம் மட்டும்
கரையான் தின்றுவிட்டதாம்.
எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்,
கரையானுக்குத் தாய்ப்பத்திரம்தான் பிடிக்கிறது.
ரேஷன் அட்டையை அது தொடுவதே இல்லை.

ஏனென்று சொல்லத் தெரியாமல்
பக்கத்து நிலத்துப் பத்திரத்துக்கு நகல் போட்டேன்.
சூரமங்கலம் சார்பதிவகத்தில்
மின்சாரம் போன ஒரு பிற்பகலில் கைக்கு வந்தது.
எண்பத்தேழில் ஏகாம்பரம் வாங்கிய கிரயம்.
யாரோ ஒரு எழுத்தர்
அவசரமே இல்லாமல் எழுதியிருந்தார்:
வண்டிப்பாதைக்கு மேற்கு,
ஓடைக்குக் கிழக்கு,
புறம்போக்குப் பாறைக்குத் தெற்கு,
பாவாயி பாகத்துக்கு வடக்கு.

யார் பாவாயி?

சீரங்கனின் விசிறி நின்றது.
மூத்தவர் தருமலிங்கத்துக்கு இருமல் வந்தது.
"அது... கட்டிக் குடுத்தாச்சுங்க.
அஞ்சு பவுன் போட்டாச்சு.
மலை மேல இருக்குது."

பிறந்த வீட்டுக் காகிதம் ஒன்றிலும் இல்லாதவள்
அண்டை நிலத்துக்காரனுக்கு
எல்லையாக இருந்திருக்கிறாள்,
முப்பத்தேழு வருடம், நகராமல்.

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு.
பதினாலாவதில் எனக்குக் குமட்டியது.
நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில்
இடுப்பில் சாக்கு கட்டிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்.
அறுபது வயதிருக்கும்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டதும்
"பேங்க்ல இருந்தா?" என்றார்,
தவணை தவறியவர் குரலில்.

விடுதலைப் பத்திரத்தை நீட்டினேன்.
இலியாஸ் தரச் சொன்ன தொகையையும் சொன்னேன்.
தொகை அவர் காதில் விழுந்தது,
அது முகத்தில் தெரிந்தது.
ஆனாலும் அவர் எடுத்தது
அடியில் இருந்த ஏகாம்பரத்தின் நகலை.
"இதுல எங்க?"

காட்டினேன்.
பழச்சாறு பிசுபிசுத்த விரலை
எழுத்தின் மேல் படாமல்
ஒரு நூல் உயரத்தில் ஓட்டினார்:
பா. வா. யி.

"கெணத்துக்கு இந்தப் பக்கம் உனக்குன்னு
எங்கப்பன் வாயில சொன்னது.
எழுதுனவன் ஒருத்தன் இருக்கான்னு தெரியாது."

கையெழுத்து?
"மொதல்ல வந்து எடத்தப் பாக்கறேன்.
வெள்ளிக்கெழம எனக்கு லீவு."
நகலைக் கேட்டு வாங்கி
சாக்குக்குள் அல்ல,
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

இரவு பத்து மணிக்கு இலியாஸ் கூப்பிட்டார்.
எடுக்கவில்லை.
கருத்துரையில்
'உரிமை மூலம் தெளிவாக இல்லை' என்று தட்டச்சு செய்தேன்.
வழக்கமான வரிதான்.
அழித்தேன்.
தெளிவாகத்தான் இருந்தது.
வேறு வரி கிடைக்காமல்
பன்னிரண்டு வரை
கர்சர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.