ஒரு ரூபாய் அளவு

தொப்புளுக்குக் கீழே
ஒரு ரூபாய் அளவில் சிவப்பு.
படர்தாமரை என்று மருந்துக்கடைக்காரர் தந்த களிம்பை
மூன்று வாரம் தடவினோம்.
வட்டம் வட்டமாகவே இருந்தது,
யாரோ காசை வைத்து வரைந்த மாதிரி.

குரோம்பேட்டை தோல் டாக்டர்
தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.
"பேன்ட்டை மேலே இழுத்துவிடுங்கம்மா" என்றார்.
பட்டன் போய் உட்கார்ந்தது
சரியாக அதன்மேல்.

நிக்கல்.
பத்தாம் வகுப்பில்
இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்த பெயர்.
அதற்கும் ஜோவிதாவின் வயிற்றுக்கும்
என்ன பங்காளிச் சண்டை?

அன்றிரவு பீரோவைத் திறந்தால்
துணியே கண்ணில் படவில்லை.
ஜிப்பு. கொக்கி. ப்ரெஸ் பட்டன்.
ஜிகினாப் பூவுக்கு நடுவில் ஒரு தகரக் கண்.
எல்லாம் டியூப்லைட்டில் மினுங்கின.

சோதிக்கிற மருந்து சின்னக் குப்பியில் வந்தது.
பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு
அரை நிமிஷம் தேய்க்க வேண்டும்.
நிக்கல் இருந்தால் பஞ்சு பிங்க் ஆகும்.
ஜோவிதாவுக்குப் பிடித்த நிறம் வேறென்ன?
ஒவ்வொரு பஞ்சுக்கும் கைதட்டினாள்.
"பிங்க்! இதுவும் பிங்க்!"
பிறந்தநாள் கவுனுக்கு எழுந்து குதித்தாள்.
அருள்தாஸ் பால்கனிக்குப் போய்விட்டார்.

பல்லாவரம் சையத் பாய்
பதினொரு உருப்படியில் பட்டனைப் பிடுங்கி
நாடா வைத்தார்.
"வைக்கத்தான்மா கூலி தெரியும்,
எடுக்கறதுக்கு என்ன கேக்கறது?"
தலையைச் சொறிந்தார்.

ரங்கநாதன் தெருவில் மூன்று மாடி ஏறி
பட்டன் இல்லாத பாவாடை கேட்டேன்.
கடைப்பையன் கல் பதித்ததை விரித்தான்.
கல்லும் வேண்டாம்.
செயின் தொங்கியதை விரித்தான்.
ஒன்றுமே இல்லாதது தம்பி, வெறும் துணி.
"நைட்டி செக்ஷன் கீழேக்கா" என்றான்.

யூனிஃபார்ம் கொக்கிக்கு நெயில் பாலிஷ்,
இரண்டு கோட்.
ஐந்து துவையல் தாங்கும் என்றார்கள்,
ஏப்ரலில் இரண்டுதான் தாங்கியது.
மூன்றரை மணி வேனில் இறங்குகிற பிள்ளை
நனைந்த கைக்குட்டை மாதிரி இருப்பாள்.
இந்த ஊர் வியர்வை இரும்பையே கரைக்கும்,
பாலிஷ் எந்த மூலைக்கு?

பெல்ட் அணியவில்லை என்று
டயரியில் சிவப்பு மை.
அடியில் டாக்டர் சீட்டை ஒட்டி அனுப்பினேன்.
ஷூவுக்குப் பாலிஷ் இல்லை என்று
அடுத்த வாரம் வந்தது.

ஜூனில் வட்டம் மங்கி
தோல் தோலானது.
ஆடியில் கன்னத்தில் வந்தது.
இடது கன்னம். இந்த முறை கோடு.

சோப்பை மாற்றினோம், தலையணை உறையை மாற்றினோம்.
ஜன்னல் கம்பிமேல் சந்தேகப்பட்டு
வேன் டிரைவரோடு நான் போட்ட சண்டைக்கு
இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கரண்ட் போன ஓர் இரவு
என் மார்பில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள்.
விளக்கு வந்ததும் தூக்கிக் கிடத்தினேன்.
கன்னத்தில் அச்சுக் குலையாமல்
ஓர் ஊக்கு.

தாலிச்செயினில் மூன்று தொங்குகின்றன,
அவசரத்துக்கு,
கல்யாணமான வாரத்திலிருந்து.
ஆபத்தில் நின்ற எத்தனை பேருக்குக்
கழற்றித் தந்திருக்கிறேன்.

குப்பியில் அடிமட்டம்தான் மிச்சம்.
முதலில் தாலி. அத்தையிடம் சொல்லவில்லை.
பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.
பிறகு ஊக்கு.
பிங்க். இதுவும் பிங்க்.
கைதட்ட யாரும் விழித்திருக்கவில்லை.

மறுநாள் ரயிலில், லேடீஸ் பெட்டியில்
ஒரு பெண்ணுக்கு ஜாக்கெட் கொக்கி தெறித்துவிட்டது.
"ஊக்கு இருக்காக்கா?"
கை தானாகக் கழுத்துக்குப் போய்
சும்மா திரும்பியது.
"ஊசி நூல் இருக்கு, திரும்பு" என்றேன்.
கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில்
பல்லால் நூலை அறுத்தேன்.